ஆரத்தித் தட்டோடு வந்த மீசைக்காரர்கள்

நெடுங்கரை நாட்டு ராஜா உதயமாறனுக்குப் போர் என்றால் பயமே கிடையாது. பத்துப் பேர் வாசலில் நின்று கத்தினால்தான் பயம். இந்தக் கதையில் ஊரே கத்தியது.

விஷயம் இதுதான். கரியமாணிக்கம் என்று ஒரு மந்திரி. வளையல் விற்க வந்த வடிவாம்பாளை தன் மாளிகையின் உள்ளறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி, கெடுக்கப் பார்த்தான். அவள் தப்பி வந்து எல்லாரிடமும் சொன்னாள். உடனே அவன் சந்தையில் தண்டோரா போட்டு, அவள் பொய்க்காரி, பணத்துக்கு ஆசைப்பட்டுக் கதை கட்டுகிறாள் என்றான். நீதிசபை இரண்டு பக்கமும் கேட்டது, சாட்சிகளையும் கேட்டது. அவன் செய்தது உண்மை, பிறகு அவள் பேரைக் கெடுத்ததும் உண்மை என்று தீர்ப்புச் சொன்னது. பதவி போச்சு. அதே சந்தையில் நின்று, தான் சொன்னது பொய் என்று அவனே தன் வாயால் சொல்ல வேண்டும். அதுதான் தண்டனை.

அவன் சொல்லவில்லை. ஆள் சேர்த்தான்.

அப்புறம் கேட்க வேண்டுமா? கிணற்றடியில் வாதம், முடிவெட்டுகிற இடத்தில் வாதம். சபைப் பக்கமே போகாதவர்கள்தான் விசாரணை சரியில்லை என்று அதிகம் பேசினார்கள். அவ்வளவு பெரிய மனுஷன் இவளைப் போயா தொடுவார் என்றார்கள். எல்லாரையும்விடப் பலமாகக் கத்தியவன் எண்ணெய்ச் செக்குச் செங்கோடன். மீசை இரண்டு பக்கமும் துடிக்கும்.

ராஜா சபையின் கட்டியக்காரி சொக்கநாச்சியைக் கூப்பிட்டார். சபைக்கு யார் வந்தாலும் பேர் சொல்லி அறிவிப்பது அவள் வேலை. ஊர் மொத்தமும் கரியமாணிக்கம் நல்லவன் என்கிறதே, தீர்ப்பை ரத்து செய்துவிட்டு வடிவாம்பாளை எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிடலாமா என்று கேட்டார்.

சொக்கநாச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள். "ஊர் என்ன நினைக்குதுன்னு முதல்ல கேட்போம், மகாராஜா. இதுவரைக்கும் என்ன பேசுதுன்னு மட்டும்தான் கேட்டிருக்கோம்."

ராஜா ஒரே ஒரு நாள் கொடுத்தார். யாரையும் அடிக்கக்கூடாது, சிறையில் போடக்கூடாது, கரியமாணிக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசக்கூடாது.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பழி நீங்கினவருக்கு, அவரை நம்புகிற வீட்டுப் பெண் ஒருத்தி தனியாகப் போய் ஆரத்தி எடுப்பாள். கண் படக்கூடாதென்று கதவைச் சாத்திக்கொள்வார்கள். சொக்கநாச்சி அதைத்தான் பிடித்தாள். தெருத்தெருவாக அறிவித்தாள்: "கரியமாணிக்கம் ஐயா நிரபராதின்னு நம்புற வீட்டுலேர்ந்து ஒரு பெண், அவர் மாளிகை உள்ளறைக்கு ஆரத்தித் தட்டோடு வரலாம். இஷ்டப்பட்டு வரணும், வாசல்ல நானே கேட்பேன். ஒருத்தி வந்தாலும் தீர்ப்பு ரத்து."

வடிவாம்பாள் ஓடி வந்தாள். "யாராவது ஒருத்தி போயிட்டா என் கதி என்னக்கா?"

"போக மாட்டாங்க" என்றாள் சொக்கநாச்சி.

கரியமாணிக்கத்துக்கோ ஒரே குஷி. பட்டு உடுத்தி, சந்தனம் பூசி, உள்ளறையில் உட்கார்ந்துவிட்டான். கூட்டத்தைச் சமாளிக்க வாசலில் கயிறு வேறு கட்டச் சொன்னான்.

செங்கோடன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனான். மனைவி முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னான்.

"நீங்க போங்க" என்றாள்.

"பொம்பளை போறதுதான்டி வழக்கம்."

"அப்ப உங்க அம்மாவ அனுப்புங்க."

அம்மா போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். மிச்சம் இருந்தது மகள். அவள் அப்பனை நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். செங்கோடன்தான் அவசரமாகச் சொன்னான்: "இல்ல, நீ வேணாம்." சொன்ன பிறகு அவனுக்கே என்னவோ போல ஆகிவிட்டது.

சாயங்காலம் ராஜா கரியமாணிக்கத்தின் மாளிகை முற்றத்துக்கு வந்தார். ஊரும் வந்தது. கயிற்றுக்கு நடுவே ஒரு வரிசை நின்றது. கையில் ஆரத்தித் தட்டு, முகத்தில் மீசை. எல்லாரும் ஆம்பளைகள். வராமல் இருந்தால் மானம் போகும், வீட்டுப் பெண்ணை அனுப்பவும் மனசு வரவில்லை. அதனால் தாங்களே தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

சொக்கநாச்சி தன் வேலையைச் செய்தாள். ஒவ்வொருவரையும் ராகம் போட்டு அறிவித்தாள். மனைவிக்குப் பல்வலி என்பவர் வருகிறார். தங்கை திடீரென்று மாமியார் வீட்டுக்குப் போய்விட்டவர் வருகிறார். கரியமாணிக்கத்தின் சொந்த மருமகன் வருகிறார், மனைவி வரமாட்டேன் என்றுவிட்டாளாம். முற்றத்தில் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ராஜா செங்கோடனைக் கூப்பிட்டார். "அவர் நல்லவர்னு நீதானே பெரிசாச் சொன்னே. மகளை ஏன் அனுப்பல?"

செங்கோடன் தட்டைப் பார்த்தான். "வாயால சொல்றது வேற, மகாராஜா" என்றான் மெதுவாக.

கரியமாணிக்கம் வெளியே பாய்ந்து வந்தான். சொக்கநாச்சி தன்மேல் பழி போடுகிறாள், ராஜா கட்டளையை மீறிவிட்டாள் என்று குதித்தான்.

"நான் ஒரு வார்த்தை சொல்லலையே, ஐயா" என்றாள் சொக்கநாச்சி. "ஆரத்திக்குத்தான் கூப்பிட்டேன்."

ராஜாவுக்கு முதலில் வெட்கம் வந்தது, பிறகுதான் சிரிப்பு. சத்தத்துக்குப் பயந்து ஒரு பெண்ணை நாடு கடத்தப் பார்த்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். தீர்ப்பு தீர்ப்புதான், கிளம்பு சந்தைக்கு என்றார். கரியமாணிக்கம் போனான், முணுமுணுத்தான். கடைசி ஆளுக்குக் கேட்கவில்லை என்று வடிவாம்பாள் சொன்னதால், தான் சொன்னது பொய் என்று மறுபடியும் உரக்கச் சொன்னான்.

ராஜா தன் முத்துமாலையைச் சொக்கநாச்சிக்குப் போட்டுவிட்டு, தட்டும் கையுமாக முழித்த மீசைக்காரர்களைப் பார்த்தார். "இவங்களை என்ன பண்றது?"

"கரைச்ச ஆரத்தியை வீணாக்கலாமா, மகாராஜா? பழி நீங்கினது வடிவாம்பாளுக்குத்தானே. அவளுக்குச் சுத்தட்டும்."

செங்கோடன் முதல் ஆளாகத் தட்டோடு முன்னால் வந்தான். வடிவாம்பாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சுத்துங்க" என்றாள். "ஆனா இங்கயே, தெருவுல, எல்லாரும் பாக்க. கதவைச் சாத்துற வேலையெல்லாம் வேணாம்."