தேதி கேட்காத மென்பொருள்

தேவசகாயம் தம்மைவிட இருபத்தெட்டு வயது இளைய ஒரு பெண்ணிடம் மாணவராகப் போய் உட்கார்ந்ததற்குக் காரணம், கணினித் திரையில் வந்த ஒரு சாம்பல் நிறக் கட்டம்.

அவர் வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் இலை வாட்டும் பிரிவைப் பார்த்துக்கொண்டவர். ஓய்வு பெற்றபின் தோட்டத்து எல்லையில் சிறிதாக ஒரு வீடு. அவர் மனைவி ஞானசௌந்தரி, கொழுந்து பறிக்கப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளைத் தோட்டத்துக் காப்பகத்தில் வைத்துப் பார்த்தவள். காலையிலிருந்து மாலைவரை பேசிக்கொண்டே இருந்தவள். இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. போன காலும் கையும் மெல்லத் திரும்பி வந்தன. பேச்சு வரவில்லை. எதிரில் இருப்பவர் சொல்வதெல்லாம் புரியும். தான் சொல்ல வேண்டிய சொல் மட்டும் நாக்குக்கு வராது.

கோயம்புத்தூரில் பேச்சுப் பயிற்சி அளித்தவர் ஒரு சிடி கொடுத்திருந்தார். நூற்று இருபது பாடங்கள். திரையில் ஒரு குடம் வரும். ஒரு குரல் அதன் பெயரைச் சொல்லும். பிறகு குரல் இல்லாமல் குடம் மட்டும் வரும், அவள் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் தேவசகாயம் ஒரு பொத்தானை அழுத்துவார். கணினி அதைத் தேதியோடு குறித்துக்கொள்ளும். நான்கு சொல்லில் தொடங்கியவள் முப்பத்தொரு சொல்வரை வந்திருந்தாள்.

அந்தச் சமயத்தில் ஓர் இடிமழையில் கணினி போயிற்று. பொள்ளாச்சியில் பழைய கணினிகளைச் சரிசெய்து விற்கும் நஸ்ரீனிடம் வேறொன்று வாங்கினார். கெட்டுப்போனதில் இருந்த பாடங்களையும் பதிவுகளையும் நஸ்ரீன் பத்திரமாக எடுத்து இதில் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தால், குடம் இருக்க வேண்டிய இடத்தில் அந்தச் சாம்பல் நிறக் கட்டம்.

ஞானசௌந்தரி கட்டத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் அவர் கீழே இறங்கினார். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி அவர் வந்து சேர்ந்தபோது நஸ்ரீன் அப்போதுதான் கடையைத் திறந்திருந்தார்.

நஸ்ரீன் விஷயத்தை நிதானமாக விளக்கினார். அந்தப் பாடங்களில் படம் அசைவதற்கு பிரவுசருக்குள் பிளாஷ் என்ற துணை மென்பொருள் இருக்க வேண்டும். அதைச் செய்தவர்கள் சில வருடங்களுக்கு முன் நிறுத்திவிட்டார்கள். கணினியை எடுத்து வந்தால் தேடிப் போட்டுத் தருவதாகச் சொன்னார்.

தேவசகாயம் தயங்கினார். இன்றைக்குப் போட்டுத் தந்தாலும் நாளைக்கு ஏதாவது ஆனால் மறுபடி அதைச் சுமந்துகொண்டு மலை இறங்க வேண்டும். வீட்டில் இணையமும் கிடையாது. போனுக்கு சிக்னல் வேண்டுமென்றாலே தொழிற்சாலைத் திருப்பம்வரை நடக்க வேண்டும்.

"எனக்குச் சொல்லிக் கொடுங்க டீச்சர்" என்றார்.

டீச்சர் என்று கூப்பிட்டது நஸ்ரீனுக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனாலும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். எதிரே இருந்த கணினியைக் காட்டி, முதலில் நீங்களே தேடிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போனார்.

ஒரு மணி நேரத்தில் தேவசகாயம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். மிகச் சிறிய கோப்பு, இறக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பென் டிரைவில் போட்டுக்கொண்டு, அடுத்த பஸ்ஸுக்கே போய்விடலாம் என்று எழுந்தார்.

நஸ்ரீன் வந்து, கணினியின் பின்னால் இருந்த இணைய ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இப்ப இது உங்க வீடு. போட்டுப் பாருங்க."

போட்டார். பச்சைக் கோடு பாதி தூரம் ஓடி நின்றது. இணைய இணைப்பு இல்லை, சரிபார்க்கவும் என்று வந்தது.

தேவசகாயத்துக்குப் புரியவில்லை. கோப்புதான் கையில் இருக்கிறதே, பிறகு எதற்கு இணையம்?

"நீங்க எடுத்தது சாமான் இல்லைங்க ஐயா. சாமான் வாங்கக் கடைக்குப் போற ஆளு" என்றார் நஸ்ரீன். "உங்க ஊருல அவருக்குக் கடை கிடையாது."

அதிலிருந்து அந்தக் கணினிக்கு ஒயர் கிடையாது. தேடுவது ஒன்றில், போட்டுப் பார்ப்பது இதில். எதை எடுத்தாலும் முதலில் வைரஸ் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் இந்தப் பக்கம் வரவேண்டும் என்பதும் அன்றைக்கே ஆன சட்டம். தேவசகாயம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை முழுக் கோப்பையே பிடித்தார். வந்தவற்றில் ஆகக் கடைசிப் பதிப்பு. கடைசியாக வந்தது என்றால் குறைகளெல்லாம் தீர்ந்து வந்திருக்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அதை ஏற்கிற பழைய பிரவுசர் ஒன்றையும் நஸ்ரீன் எடுத்துக் கொடுத்தார். ஒயர் இல்லாத கணினியில் கோடு முழுதாக ஓடி முடிந்தது. பாடத்தைத் திறந்தார். சாம்பல் கட்டம் போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் ஒரு சின்ன வட்டம் மட்டும் இருந்தது. குடம் வரவில்லை.

கடைசிப் பதிப்பு கணினியின் தேதியைப் பார்க்கும் என்றார் நஸ்ரீன். இன்ன நாளுக்குப் பிறகு ஓடக் கூடாது என்று அதற்குள்ளேயே எழுதியிருக்கிறார்கள். வேறு வழி பார்க்கலாம், அடுத்த வாரம் வாருங்கள் என்றார். அதற்குள் கடைக்கு யாரோ வந்துவிட்டார்கள்.

பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. தேவசகாயம் சும்மா உட்கார்ந்து தேடிக்கொண்டிருந்தபோது ஒரு பக்கத்தில் யாரோ யோசனை சொல்லியிருந்தார்கள்: கணினியின் தேதியை ஐந்தாறு வருடம் பின்னால் தள்ளி வைத்தால் போதும். அதை அவர் நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை. நஸ்ரீனிடமும் கேட்கவில்லை.

அந்தக் கோப்பையும் பிரவுசரையும் பென் டிரைவில் கொண்டுபோய் வீட்டுக் கணினியில் போட்டு, தேதியை மாற்றினார். குடம் வந்தது. குடை வந்தது. சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது. ஞானசௌந்தரி கைதட்டினாள். அடுத்த சனிக்கிழமை அவர் கீழே போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. மூன்று வாரத்தில் முப்பத்தொன்று முப்பத்தெட்டு ஆகியிருந்தது.

ஒரு நாள் அவர் அடுப்படியில் இருந்தபோது அவளாகவே மவுஸைப் பிடித்து, 'என் முன்னேற்றம்' என்ற இடத்தை அழுத்தியிருக்கிறாள். எந்த நாளில் எத்தனை சொல் என்று தேதிப்படி கோடு வரைந்து காட்டும் பக்கம் அது. அவர் காபியோடு வந்து பார்த்தபோது, அவள் விரல் திரையின் மேல் இருந்தது. கோடு முப்பத்தொன்றில் ஆரம்பித்து முப்பத்தெட்டுக்குப் போய், ஒரேயடியாக நான்குக்கு விழுந்து, அங்கிருந்து முக்கி முக்கி ஏறி முப்பத்தொன்றில் நின்றது. விழுந்த இடத்தில் விரல் இருந்தது.

தள்ளி வைத்த தேதியால் இந்த மூன்று வாரமும் கோட்டின் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டது என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனால் சொல்ல வாய் வரவில்லை. மெஷின் ஏதோ தப்பாகக் காட்டுகிறது என்று மட்டும் சொன்னார். அவள் நம்பவில்லை. ஒரு தடவை எல்லாச் சொல்லையும் ஒரே இரவில் தொலைத்தவள். மறுபடியும் தொலைகிறது என்றுதான் நினைத்திருப்பாள். அன்றிலிருந்து நான்கு நாள் கணினிப் பக்கம் வரவேயில்லை. வாயில் இருந்த சொற்களையும் அவள் வெளியே விடவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைக் காட்டினாள்.

சனிக்கிழமை அவர் நஸ்ரீன் முன்னால் போய் நின்று, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். நஸ்ரீன் திட்டவில்லை. ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"நான் மெஷின் தப்புன்னு சொல்லிட்டேன் டீச்சர்" என்றார் தேவசகாயம்.

"மெஷின் தப்புப் பண்ணலைங்களே. நீங்க சொன்ன தேதியை நம்பிருக்கு."

அவர் தலை குனிந்தார்.

"இன்னைக்கு என்ன தேதின்னு அம்மாவுக்குத் தெரியுங்களா?"

தெரியும் என்றார். சுவரில் இருக்கும் காலண்டர் தாளைத் தினமும் கிழிப்பது அவள்தான், இடது கையால்.

"அப்ப உங்க வீட்டுல தேதி தெரியாம இருந்தது மெஷின் மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு, நஸ்ரீன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். "உட்காருங்க. எதைத் தேடணும்னு இப்ப நீங்களே சொல்லுங்க."

தேவசகாயம் யோசித்தார். கடைசிப் பதிப்பு தேதி பார்க்கிறது. ஆரம்பத்திலிருந்தே அது தேதி பார்த்திருக்க முடியாது. அப்படியானால் பழைய கணினியில் பாடம் ஓடியிருக்காது.

"தேதி பார்க்கக் கத்துக்கறதுக்கு முன்னால வந்தது" என்றார்.

நஸ்ரீன் தலையசைத்தார். பழைய பதிப்புகளை வரிசையாகச் சேர்த்து வைத்திருக்கும் ஓர் இடத்தில் தேடி, கடைசியிலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டே போனார் தேவசகாயம். ஒவ்வொன்றையும் வைரஸ் பார்த்து, ஒயர் இல்லாத கணினியில் போட்டு, திறந்து, ஓடாததைக் கழற்றி, அடுத்ததைப் போட்டார். மதியச் சாப்பாடு மறந்துபோயிற்று. நான்காவதாகப் போட்டதில், கணினியில் அன்றைய தேதி அப்படியே இருக்க, குடம் வந்தது.

மறுபடி முதலிலிருந்து செய்யச் சொன்னார் நஸ்ரீன். நோட்டைப் பார்த்து ஒரு தடவை செய்தார். நோட்டை மூடிவிட்டு ஒரு தடவை செய்தார்.

கிளம்புகிற நேரத்தில் அவருக்கு ஒரு பயம் வந்தது. தேடிய இடங்களில் எல்லாம், இது பழசு, ஓட்டை உள்ளது, இதன் வழியாகத் திருடர்கள் உள்ளே வருவார்கள், எடுத்துவிடுங்கள் என்றுதான் எழுதியிருந்தது. அதைக் கேட்டார்.

"எழுதினது சரிதான். ஆனா திருடன் வர்றதுக்கு ரோடு வேணுமில்லைங்களா? இத்தனை நாள் ரோடு இல்லைன்னு கஷ்டப்பட்டீங்க. இனிமே அதுதான் உங்களுக்குக் காவல்." நஸ்ரீன் ஒரு தாளில் 'இந்தக் கணினியை இணையத்தில் இணைக்கக் கூடாது' என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். அதைத் திரைக்கு மேல் ஒட்டச் சொன்னார்.

வீட்டில் அவர் முதலில் மென்பொருளைத் தொடவில்லை. ஞானசௌந்தரியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, தாம் செய்ததைச் சொன்னார். நீ விழவில்லை, நான்தான் தேதியை மாற்றி மெஷினை ஏமாற்றினேன், அதை உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டு மெஷின் மேல் பழி போட்டேன் என்றார்.

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு குவிந்தது, விரிந்தது, மறுபடி குவிந்தது.

"பொ... பொய்" என்றாள்.

இடது கையால் அவர் தோளில் ஓர் அடி வைத்தாள். பிறகு சிரித்தாள். தேவசகாயமும் சிரித்தார், கண் கலங்கியிருந்தது. அந்தச் சொல் நூற்று இருபது பாடத்திலும் இல்லை. பொய்யை யாரால் படம் வரைய முடியும்?

அதன் பிறகு பழையதைக் கழற்றிவிட்டு, கொண்டுவந்ததைப் போட்டார். தேதியைச் சரிசெய்தார். மூன்று வாரப் பதிவுகளில் இருந்த பொய்த் தேதிகளை ஒவ்வொரு வரியாகத் திருத்தினார். அவள் பக்கத்திலிருந்து விரல் மடக்கி நாள் எண்ணிக் கொடுத்தாள். கோடு நான்கில் ஆரம்பித்து முப்பத்தெட்டுக்குப் போய் நின்றது. அதற்கு மேல் இடம் வெறுமையாகக் கிடந்தது.

மழைக்காலம் முடிந்து ஒரு சனிக்கிழமை, ஒரு பொட்டலம் தேயிலையோடு தேவசகாயம் கடைக்கு வந்தார். கற்றுக்கொள்ள அன்றைக்கு ஒன்றும் இல்லை. கணினி நன்றாக ஓடுகிறது என்றார். போன வாரம் ஞானசௌந்தரி பால்காரரைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டாள் என்றார். நஸ்ரீன் ஒரு மானிட்டரைத் துடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு மனத்தில் இருந்ததை அவர் வெளியே விட்டார்.

"டீச்சர், செஞ்சவங்களே வேண்டாம்னு விட்டுட்டாங்க. இந்த மெஷினும் ஒரு நாள் போயிடும். அடுத்த மெஷின் இதை ஏத்துக்குமோ என்னவோ. முடிஞ்சுபோன ஒண்ணை இன்னும் எத்தனை நாளைக்குப் பிடிச்சு வெச்சிருக்க முடியும்?"

நஸ்ரீன் துணியை மடித்து வைத்தார்.

"அம்மா எத்தனாவது பாடத்துல இருக்காங்க?"

"நேத்து ஐம்பத்தெட்டு முடிச்சா."

"அப்ப இன்னைக்கு ஐம்பத்தொன்பது. மூணு மணி பஸ்ஸைப் பிடிங்க ஐயா, காத்துக்கிட்டு இருப்பாங்க."