சம்பந்திகளின் ஆமென்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது ரெஜினா மதினி, என் இளைய மகளுக்கு மாமியார். கல்யாணத்துக்கு முந்தின வாரம், ரெண்டு பேரும் முறுக்கு சுற்றிக்கொண்டிருந்தபோது சொன்னார். அவர்கள் ஆர்.சி. கத்தோலிக்கர், நாங்கள் சி.எஸ்.ஐ. புராட்டஸ்டண்டு.

"கர்த்தர் கற்பித்த ஜெபம் எங்கே முடியுது, அம்மா?"

கேட்டவர் சூசைமரியான், கத்தோலிக்கக் கோயிலில் ஜெபமும் வேதபாடமும் சொல்லித்தருகிற உபதேசியார்.

கேட்கப்பட்டவர் சலோமி அம்மா. தேரிக் காட்டுச் செம்மணலில் ஒரு குடிசை போட்டு, தனியாக ஜெபத்தில் இருந்தார். உபதேசியாரைவிடப் பத்து வயதாவது இளையவர். ஆனாலும் உபதேசியார் வாராவாரம் அவரிடம் வந்து உட்காருவார்.

அம்மா எந்தச் சபை என்று யாருக்கும் தெரியாது. ஆணியில் ஜெபமாலை தொங்கும், அதனால் எங்களவர் என்பார்கள் கத்தோலிக்கர். ஞாயிறானால் குடிசைக்குள்ளிருந்து ஞானப்பாட்டு கேட்கும், அதனால் எங்களவர் என்பார்கள் மற்றவர்கள்.

அம்மா பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

"எங்கே முடியணும்?"

"தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும், ஆமென். அவ்வளவுதான். என் சம்பந்தி அதோட நிறுத்தமாட்டேங்கிறாரு."

நடந்தது இதுதான். உபதேசியாரின் மகளை வேதமாணிக்கம் வீட்டில் கொடுத்திருந்தது. வேதமாணிக்கம் சி.எஸ்.ஐ. சபைச் செயலாளர். பேரனுக்குப் பெயர் வைக்கிற அன்று எல்லாரும் எழுந்து நின்று அந்த ஜெபத்தைச் சொன்னார்கள். உபதேசியார் சத்தமாக ஆமென் போட்டு உட்கார்ந்துவிட்டார். வேதமாணிக்கம் நின்றபடியே, ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் என்று தொடர்ந்தார்.

வாலை வெட்டிவிட்டீர்கள் என்றார் ஒருவர். வாலை ஒட்டவைத்தது நீங்கள் என்றார் மற்றவர். திருச்சபை சொல்வதுதான் முடிவு என்று ஒரு பேச்சு. வேதத்தில் அச்சிலேயே இருக்கிறது, ரோமிலிருந்து ஒருவரும் சொல்லித்தர வேண்டாம் என்று ஒரு பேச்சு. பாதியிலே உட்காருகிற சபை, முடிக்கத் தெரியாத சபை.

பிரியாணி ஆறிப்போனது.

அதற்கப்புறம் உபதேசியார் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. பேரனுக்குப் பல் முளைத்ததைப் போனில்தான் பார்த்தார். பார்த்துவிட்டுப் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தாராம். அதை மட்டும் அம்மாவிடம் சொல்லவில்லை.

"சம்பந்தியைக் கூட்டிட்டு வாங்க" என்றார் அம்மா.

"வரமாட்டாரு."

"யார் சரின்னு நான் சொல்லப்போறேன்னு சொல்லுங்க."

"அப்படின்னா வந்துருவாரு."

வந்தார். கக்கத்தில் பெரிய எழுத்து பைபிள். ஆணியில் தொங்கிய ஜெபமாலையைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார். பிறகு உட்கார்ந்தார்.

அம்மா கிழங்கை விடவில்லை. "ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லுங்க. முடிவு வந்ததும் நான் சொல்லுதேன்."

ஒருவர் விண்ணகம் என்றார், ஒருவர் பரமண்டலம் என்றார். ஒரே வீட்டில் ரெண்டு ரேடியோ பாடுகிற மாதிரி இருந்தது. யார் முதலில் முடிவுக்குப் போவது என்று ஓடினார்கள். அன்றாட அப்பம் கேட்கிற வரியை ரெண்டு பேரும் ஒரே தாவில் தாண்டினார்கள். பிறரை நாங்கள் மன்னிப்பதுபோல என்ற இடம் வந்தது.

அம்மா கையிலிருந்த கிழங்கைத் தூக்கிக் காட்டினார்.

"நில்லுங்க."

நின்றார்கள்.

"முடிவு இன்னும் வரலியே, அம்மா" என்றார் வேதமாணிக்கம்.

"தெரியும். இந்த வரி முடிஞ்சுதா?"

உபதேசியார் மணலைப் பார்த்தார். வேதமாணிக்கம் பைபிளை இந்தக் கக்கத்திலிருந்து அந்தக் கக்கத்துக்கு மாற்றினார்.

"முதல்ல அவரு முடிக்கட்டும்" என்றார்.

"நான் முதல்ல முடிச்சு உட்கார்ந்தாத்தான் அவருக்குக் கோவம் வருமே" என்றார் உபதேசியார்.

"அவசரமில்ல. முடிஞ்சதும் சொல்லுங்க, மேல போவோம்." அம்மா கருப்பட்டிக் காப்பி போட உள்ளே போய்விட்டார்.

காப்பி கொதித்தது. இறக்கி வைத்தார். ஆறியது. மறுபடி சூடாக்கினார்.

அப்போது வேதமாணிக்கத்தின் குரல் கேட்டது.

"பயலுக்கு ரெண்டு பல்லு வந்துட்டு. கண்ட ஆளையும் கடிக்கான்."

அடுத்து உபதேசியார் குரல்.

"கடிக்கது உங்க பக்கம். பல்லு எங்க பக்கம்."

அம்மா காப்பியோடு வெளியே வந்தபோது வேதமாணிக்கம் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார். பின்னால் உபதேசியார். அவர் மடியில் பெரிய எழுத்து பைபிள்.

"ஜெபம் பாதியில நிக்கே" என்று கேட்டார் அம்மா.

"பயலை மடியில வச்சுக்கிட்டு முடிக்கோம்."

"எங்கே முடிப்பீங்க?"

ஸ்கூட்டர் சத்தத்தில் அது அவர்களுக்குக் கேட்கவில்லை.

என் மூத்தவனுக்கு வருகிற வியாழக்கிழமை கண் ஆப்பரேஷன். இந்தக் கதையைக் கேட்ட நீங்கள் அவனுக்காக ஒரு ஜெபம் சொல்லுங்கள். உங்கள் வழக்கப்படி முடித்தால் போதும்.