கறுப்பு வண்டியும் தோளால தொறக்கற கதவும்

மேட்டுப்பாளையத்துல மலை ரோடு ஆரம்பிக்கிற எடத்துல ஒரு ஒர்க்‌ஷாப்பு. அங்க மேஸ்திரி துளசிமணி. பொம்பள மேஸ்திரியான்னு வாயப் பொளக்கறவங்க, வண்டி ஸ்டார்ட் ஆனதும் மூடிக்குவாங்க. அவளுக்கு நாப்பது வயசு இருக்கும். அவகிட்ட தொழில் கத்துக்கற நாச்சிமுத்து அம்பதத் தாண்டினவரு. மில்லுல கணக்கெழுதிட்டு இருந்த மனுசன். மில்ல மூடினதும், சின்ன வயசுல ஆசப்பட்ட வேலையவாவது இனிமே செய்யலாம்னு வந்து நின்னாரு. அவ இவர அண்ணாம்பா. இவரு அவள மேஸ்திரிம்பாரு.

அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் பக்கவாட்டுல ஒரு இரும்புக் கதவு. வெங்காயம் ஏத்திட்டு வந்த லாரி ஒண்ணு ரிவர்ஸ் எடுக்கறப்ப அத இடிச்சு நெளிச்சிருச்சு. டிரைவரு நல்ல பையன், "மன்னிச்சுக்கங்கக்கா"ன்னு ஒரு மூட்ட வெங்காயத்த எறக்கி வெச்சுட்டுப் போனான். காலைல வெங்காயம், மத்தியானம் வெங்காயம். வெல்டர் பாஷா பேச வாயத் தொறந்தா எல்லாரும் நாலடி தள்ளி நிப்பாங்க. வெங்காயம் தீந்துது, கதவ மட்டும் யாரும் சரி பண்ணல. தாழ்ப்பாளத் தூக்கி, எடது தோளால ஒரு இடி இடிச்சாத்தான் தொறக்கும். நாச்சிமுத்து சட்டைங்க அத்தனையிலயும் எடது தோள்ல துருக்கறை. அவரு சம்சாரம் கோகிலா தொவச்சுத் தொவச்சுப் பாத்துட்டு, போனாப் போகுதுன்னு விட்டுட்டா.

மாமனாரு காரியமெல்லாம் முடிஞ்சு அன்னிக்குத்தான் நாச்சிமுத்து திரும்ப ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாரு. தாழ்ப்பாளத் தூக்கினாரு, இடிச்சாரு, உள்ள வந்தாரு.

"வாங்கண்ணா. டீ சொல்லட்டுங்களா?"

"வேண்டாம் மேஸ்திரி."

"கோகிலா எப்படி இருக்காங்க?"

"அப்பன் வீட்லயே இருக்கா. வரமாட்டேங்கறா."

"என்ன சொல்றாங்க?"

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறா. 'எங்கப்பா அந்த ரோட்ல நாப்பது வருசம் ஓட்டினவரு. அன்னிக்கு மட்டும் என்னாச்சு? அதச் சொல்லிட்டு என்னைக் கூட்டிட்டுப் போங்க'ங்கறா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வண்டில ஒரு தப்பும் இல்லன்னேன்."

"அதுக்கு?"

"எந்திரிச்சு உள்ள போயிட்டா."

துளசிமணி கையில இருந்த ஸ்பானரக் கீழ வெச்சா.

மாமனாரு பேரு சென்னியப்பன். காய்கறி மண்டி வெச்சிருந்தவரு. அவருகிட்ட ஒரு கறுப்பு வண்டி. அவரு அப்பன் காலத்துல வாங்கினது, மூக்கு நீளமா, முட்டைக் கண்ணு மாதிரி வெளக்கோட இருக்கும். வாரம் ஒருக்கா அதுல கோத்தகிரிக்குப் போயி அக்காளப் பாத்துட்டு வருவாரு. சம்சாரம் உசுரோட இருந்த வரைக்கும் அவங்களும் கூடப் போவாங்க. முன் சீட்டுல உக்காந்து எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டே வருவாங்க. மோந்து என்ன பிரயோசனம், மூணாவது வளைவுல வாந்தி வந்தே தீரும். அதுக்குன்னே ஒரு மரத்தடி பாத்து வெச்சிருந்தாரு மனுசன். அந்தம்மா போய்ச் சேந்தப்புறமும் அந்த மரத்தடியில வண்டி சித்த நேரம் நின்னுட்டுத்தான் போகும்.

அந்த வண்டிய வேற யாராலயும் ஓட்ட முடியாது. ஸ்டீரிங்க கால் சுத்து சும்மா சுத்தணும், அப்புறந்தான் சக்கரத்துக்குச் சேதியே போகும். பிரேக்க மூணு மிதி மிதிச்சாத்தான் நிக்கலாமான்னு யோசிக்கும். சென்னியப்பனுக்கு அது ஒரு கொறையாவே தெரியல. வளைவு வர்றதுக்கு முன்னாடியே கை திருப்ப ஆரம்பிச்சிரும். பேசிக்கிட்டே திருப்புவாரு, சிரிச்சுக்கிட்டே திருப்புவாரு.

கோகிலாவுக்குத்தான் பயம். அப்பா மலையேறுற அன்னிக்கெல்லாம் அவ சோறு திங்க மாட்டா. "நீங்கதான் தொழில் கத்துக்கிட்டீங்களே, அந்த வண்டிய ஏதாச்சும் பண்ணுங்களேன்"னு புருசன நச்சரிச்சா.

பண்ணினாரு. பின்பக்கம் நசுங்கிப்போன ஒரு புது வண்டி வெலைக்கு வந்துது. அதோட இஞ்சின், கியர்பாக்ஸு, பவர் ஸ்டீரிங்கு, டிஸ்க் பிரேக்கு எல்லாத்தையும் கழட்டி, கறுப்பு வண்டிக்குள்ள அளவெடுத்து உக்கார வெச்சாரு. வெல்டிங்குக்கு மட்டும் பாஷா. மேஸ்திரி கையே வெக்கல. பாத்துட்டு, "நல்லா வந்திருக்குங்ணா"ன்னா. அந்த ஒரு வார்த்தைக்கு நாச்சிமுத்து அன்னிக்கு ராத்திரி ரெண்டு தட்டு சோறு தின்னாரு.

வண்டிய எடுக்க வந்த அன்னிக்கு மேஸ்திரி ஊர்ல இல்ல, கோயமுத்தூருக்கு சாமான் வாங்கப் போயிருந்தா. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு, முட்டைக் கண்ணுக்கு ரெண்டு பக்கமும் சாமந்தி கட்டி, பாஷா தேங்காய் ஒடச்சான். சென்னியப்பன் உள்ள உக்காந்து ஸ்டீரிங்க அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பிப் பாத்தாரு.

"என்னங் மாப்ளே, வெண்ணையாட்ட இருக்குது!"

"ஒத்த வெரல்ல ஓட்டலாமுங்க மாமா."

"ஏறுங்க, மரத்தடி வரைக்கும் போயிட்டு வந்தர்லாம்."

"நீங்க போயிட்டு வாங்க. கை பூரா கிரீஸு, சீட்டு அழுக்காயிரும்."

பெரியவரு தனியாத்தான் போனாரு. நாச்சிமுத்து கேட்ல நின்னு, கையத் தொடச்சுட்டு, கோகிலாவுக்குப் போன் போட்டாரு. "உங்கப்பா போறாரு. இனிமே நீ வயிறாரச் சோறு தின்னலாம்."

மூணாவது வளைவு வரைக்கும் வண்டி போகல. மொத வளைவுலயே கட்டச்சுவர ஒடச்சிட்டுப் பள்ளத்துல எறங்கிருச்சு.

பின்னால கேரட்டு லாரில வந்தவன் போலீசுகிட்ட சொன்னான், "வளைவுக்கு முன்னாடியே திருப்பிட்டாருங்க. வெடுக்குன்னு." வயசாயிருச்சு, கண்ணு மறைச்சிருக்கும்னாங்க சொந்தக்காரங்க. நாச்சிமுத்து ஒடஞ்ச வண்டிக்குள்ள படுத்து, ஒவ்வொரு போல்ட்டாத் தடவிப் பாத்தாரு. ஒண்ணுகூட லூசா இல்ல. பிரேக்கு புடிச்சுது. ஸ்டீரிங்கு திரும்புச்சு. எல்லாம் சரியா இருந்ததுதான் அவர அரிச்சுது. ஒரு போல்ட்டாவது கழண்டிருந்தா, நாந்தான் கொன்னேன்னு சொல்லி அழுதிருப்பாரு.

"கோகிலாவுக்கு நான் என்ன சொல்லட்டும் மேஸ்திரி?"

துளசிமணி அந்தக் கதவப் பாத்தா.

"நாளைக்கு வாங்கண்ணா."

"நாளைக்கு வந்தா?"

"வாங்க."

என்ன பொம்பள இவன்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டே போனாரு. வீட்ல தனியா, வடிக்கத் தெரியாம வடிச்ச சோறு கொழஞ்சு கெடந்துது. அதுலயே தண்ணி ஊத்தி உப்பப் போட்டுக் குடிச்சாரு.

மறுநாள் காலைல வந்தாரு. தாழ்ப்பாளத் தூக்கினாரு. இடிச்சாரு.

கதவு தடுக்கவே இல்ல. காத்தாட்டம் தொறந்துக்குச்சு. நாச்சிமுத்து மொத்த ஒடம்போட உள்ள போய்ச் சிமிட்டித் தரையில குப்புற விழுந்தாரு. கண்ணாடி தெறிச்சு ஜாக்கிக்கு அடியில போயிருச்சு. முட்டி தேஞ்சு ரத்தம்.

பாஷா ஓடி வந்தான். "என்னங்ணா, விடிஞ்சதும் விடியாததுமா விழுந்து கும்புடறீங்க?"

நாச்சிமுத்துவுக்கு வந்துதே கோவம். தொறந்து கெடந்த கதவப் பாத்தாரு. கீல் புதுசு. கிரீஸு பளபளன்னு இருக்கு.

"யாரு இதச் சரி பண்ணினது?"

"நாந்தான்," துளசிமணி எந்திரிச்சு வந்தா. "நேத்து நீங்க போனப்புறம் பண்ணினேன். நல்லா வந்திருக்குதில்லீங்ணா?"

"நல்லாத்தான் வந்திருக்கு! சரி பண்ணினா ஒரு வார்த்த சொல்லக் கூடாதுங்களா? வருசக்கணக்கா இடிச்சுப் பழகின மனுசன், விழமாட்டனா?"

சொல்லி முடிச்சாரு. அப்படியே தரையில உக்காந்திருந்தாரு. பாஷா கண்ணாடிய எடுத்து நீட்டினான், அவரு வாங்கல. பாஷா அத அவரு மடியில வெச்சுட்டுத் தள்ளிப் போயிட்டான்.

கண்ணாடியத் தொடச்சு மாட்டிக்கிட்டு நாச்சிமுத்து சொன்னாரு, "மாமாகிட்ட நான் சொல்லியிருக்கோணும்."

"சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தா சூதானமா ஓட்டியிருப்பாரு."

"கதவு இப்ப லேசாத் தொறக்குது. உங்களுக்குத் தெரியுமில்லீங்களா?"

"தெரியும்."

"வெளிய போயிட்டு மறுபடி வாங்க."

நாச்சிமுத்து நொண்டிக்கிட்டே வெளிய போனாரு. கதவு சாத்திக்கிச்சு. அந்தப் பக்கம் நின்னு யோசிச்சாரு. இடிக்கக் கூடாது. லேசாத் தள்ளினாப் போதும். இடிக்கக் கூடாது. அதுக்குள்ள மாமனாரு மொகம் கண்ணு முன்னால வந்துருச்சு, சாமந்தி கட்டின வண்டிக்குள்ள, பக்கத்துச் சீட்டக் காட்டி ஏறுங்க மாப்ளேன்னு சொன்ன மொகம். கை தன்னால தாழ்ப்பாளத் தூக்குச்சு. தோளு தன்னால முன்னால போச்சு.

கதவு காத்தாட்டம் தொறந்துது. ரெண்டாவது வாட்டியும் தடுமாறி உள்ள சாஞ்சாரு.

ஆனா விழல. கதவுக்குப் பக்கத்துலயே நின்னிருந்த துளசிமணி, அவரு கையக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டா.

"தெரிஞ்சும் தோளு போயிருச்சுங்க மேஸ்திரி."

"ம்."

"அப்பச் சொல்லியிருந்தாலும் அவரு கை திருப்பித்தான் இருக்கும்."

"ம்."

"அப்புறம் நான் என்னதான் பண்ணியிருக்க முடியும்? கோகிலாகிட்டப் போயி என்னத்தச் சொல்றது?"

மேஸ்திரி புடிச்ச கைய இன்னும் விடல.

"இந்த வாட்டி நீங்க ஏண்ணா விழல?"