மஞ்சள் ரயிலுக்கு ஆள் பிடிச்ச கதை

ஒரு ஊர்ல ஒரு மின்சார ரயில் இருந்துச்சு. எந்த ஊர்லயா? ஜப்பான்ல, டோக்கியோவுல. பூசணிப்பூ மாதிரி நல்ல மஞ்சள். ம் சொல்லு.

ம்.

காலையில ஆபீஸ் போற கூட்டம் அத்தனையும் அதுலதான். ஆள் ஏறி ஏறி கதவு மூடாது. அப்போ வெள்ளைக் கையுறை போட்ட ஸ்டேஷன் ஆளுங்க பிளாட்பாரத்துல நின்னு, ஜனங்க முதுகுல கை வெச்சு, ஹும்... ஹும்... னு உள்ள தள்ளுவாங்க. கதவு புஷ்ஷுனு மூடும். அப்புறம் தடக் தடக், தடக் தடக்.

அப்படியே வருஷம் ஓடிப்போச்சு. அப்புறம் வெள்ளி நிறத்துல புது ரயிலுங்க வந்துச்சு. துருப் பிடிக்காது, கரண்டும் கொஞ்சமாத்தான் குடிக்கும். மஞ்சள் ரயிலோட கூடப் பிறந்ததெல்லாம் ஒவ்வொண்ணா பழைய இரும்புக்குப் போச்சு. ஜ்ஜ்ஜுனு அறுத்துட்டாங்க. இதை மட்டும் ரெண்டே பெட்டியாக்கி, மலை மேல ஒரு சின்ன ஊருக்கு அனுப்பினாங்க.

அங்க அதை ஓட்டறது யசுவேன்னு ஒரு பொண்ணு. தினம் ரயிலோட மூக்கைத் துடைச்சுவிட்டு, "கெளம்பலாமா கண்ணு"ன்னு கேட்டுட்டுத்தான் ஏறுவா. ஆனா ஏற ஆள் இல்லையே. சில நாள் நாலு பேர் வருவாங்க. சில நாள் ஒரு முள்ளங்கிக் கட்டு மட்டும் வரும்.

அப்போ ரயில் ஆபீஸ்லேந்து குரோய்வான்னு ஒரு அதிகாரி வந்தாரு. "மூணு தடவை வந்து பாப்பேன். மூணு தடவையும் காலியா இருந்தா, வண்டியை உடைச்சுடுவோம்"னாரு. யசுவேக்கு அன்னைக்குச் சாதம் இறங்கல.

ம்.

நூடுல்ஸ் கடை தொகுஜி தாத்தா, "அழாத புள்ள, ஊரே ஏறிக்கும்"னாரு. அதிகாரி முதல் தடவை வந்தப்போ, ஊரே ஏறியும் பெட்டி நிறையல. அதனால ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் பின் கதவால இறங்கி, குடுகுடுன்னு ஓடி, தொப்பியை மாத்திக்கிட்டு முன் கதவால ஏறினாங்க.

"உங்களை இப்பத்தான பார்த்தேன்?"னாரு அதிகாரி.

"அது என் தம்பிங்க"ன்னாரு தொகுஜி தாத்தா.

அடுத்த ஸ்டேஷன்ல, "அப்போ நீங்க?"

தாத்தாவுக்கு மூச்சு இரைக்குது. "நானும்... தம்பிதான். கடைசித் தம்பி."

அதிகாரி உதட்டைப் பிதுக்கிக்கிட்டுப் போயிட்டாரு.

ரெண்டாவது தடவை என்ன பண்ணாங்க, வயல்ல நிக்கற வைக்கோல் பொம்மைங்களுக்கெல்லாம் கோட்டு மாட்டி, வரிசையா உட்கார வெச்சாங்க. அந்த ஊர்ல ஒருத்தர் குனிஞ்சு வணக்கம் சொன்னா, பதிலுக்குக் குனியணும். அதிகாரி குனிஞ்சாரு. பொம்மை குனியல. பெரிய மனுஷர் போலிருக்குன்னு இன்னும் கீழ குனிஞ்சாரு. அப்போ பாத்து ரயில் வளைவுல திரும்புச்சு. பொம்மையும் குனிஞ்சுச்சு. தலை பொத்துனு அவர் காலடியில விழுந்துச்சு.

"இன்னும் ஒரே தடவைதான்"னாரு, கால்சட்டையில ஒட்டின வைக்கோலைத் தட்டிக்கிட்டே.

அப்புறம் யசுவே ஊர்க்காரங்ககிட்ட, "யாரும் வர வேண்டாம். இந்த ரயிலை வெச்சு வேஷம் கட்டினது போதும். போனாலும் மானமாப் போகட்டும்"னு சொல்லிட்டா.

மூணாவது தடவை. வெளியில பனி கொட்டுது. காலையிலயே அதிகாரி ஒத்தை ஆளா ஏறி, சுத்திமுத்திப் பார்த்துட்டு உட்கார்ந்தாரு. அந்த ஊர் ரயில்ல சீட்டுக்கு அடியிலேந்து சூடு வரும். கால் ரெண்டும் கதகதன்னு ஆச்சு. தடக் தடக். தலை ஆடுச்சு. தடக் தடக். கொர்ர்ர்...

கடைசி ஸ்டேஷன்ல யசுவே எழுப்பக் கையை நீட்டினா. வாயைத் திறந்துக்கிட்டு அவர் தூங்கற அழகைப் பார்த்துட்டு, கையை இழுத்துக்கிட்டா. ரயில் கீழ போச்சு, மேல வந்துச்சு, மறுபடி கீழ போச்சு. பொழுது சாயறப்போ அவரு கண்ணு முழிச்சாரு.

"இது எந்த ஸ்டேஷன்மா?"

"நீங்க ஏறின ஸ்டேஷன்தாங்க. நாம பல தடவை வந்தாச்சு."

அவரு சீட்டைத் தடவித் தடவிப் பார்த்தாரு. "டோக்கியோவுல இதே ரயில்லதான் வேலைக்குப் போவேன். அத்தனை வருஷமும் நின்னுக்கிட்டே. இது இவ்வளவு மெத்துனு இருக்கும்னு இன்னைக்குத்தான் தெரியுது."

ரயிலை அறுக்கப் போற நாள் எதுன்னு கேக்காமலே யசுவே அவருக்குக் கதவைத் திறந்துவிட்டா.

மறுநாள் ஆபீஸ்ல பெரிய அதிகாரி குரோய்வாகிட்ட கேட்டாரு, "வண்டியில ஆள் இருந்துச்சா?"

குரோய்வா பொய் சொல்லத் தெரியாதவரு. கொஞ்சம் யோசிச்சாரு. "இருந்துச்சுங்க. காலையில நிரம்பின சீட்டு, சாயங்காலம் வரைக்கும் காலியாகவே இல்ல."

"அப்போ ஓடட்டும்"னுட்டாரு பெரியவரு.

ம் சொல்லு.

...சத்தத்தையே காணோமே. சரி, கதை ஸ்டேஷன் வந்து சேர்ந்தாச்சு. நீயும் தூங்கு.