உரியவர் இல்லாத வசவுகள்

முன்னொரு காலத்தில், மாடத்தில் நின்றால் பாய்மரங்கள் தெரிகிற அரண்மனை ஒன்றில், அயல்நாட்டுச் சொற்கள் மேல் பித்துக்கொண்ட அரசர் ஒருவர் இருந்தார். கப்பல் வந்தால் முத்தும் பட்டும் பிறகுதான். முதலில் நாலு புதுச் சொல் வேண்டும்.

ஒருநாள் கொரியக் கப்பல் வந்தது. சுங்கத்துக்குப் பொறுப்பான அமைச்சர் மழவராயர், மான்போக் என்ற மாலுமியின் ஜாடியைத் திறந்து மூக்கைப் பொத்திக்கொண்டார். உள்ளே உப்பில் ஊறிப் புளித்த முள்ளங்கி. அதில்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது. அழுகல் என்று நினைத்த மழவராயர் கடலில் கொட்டச் சொன்னார். மான்போக் வாய்க்கு வந்தபடி கத்தினான்.

அரசவை விகடகவி விடங்கன் மேல் மழவராயருக்கு வெகுநாள் பொறாமை. விடங்கன் கப்பல்காரர்களோடு உண்டு, அவர்கள் பேச்சைப் பழகியவன். மழவராயர் மாலுமியைக் கட்டி இழுத்து வந்தார்.

"இவன் தங்களைத்தான் வைதான், பிரபு. பொருளை விடங்கன் சொல்லட்டும்."

அரசருக்கு ஆவல் தாங்கவில்லை. ஒன்று விடாமல் சொல்லும்படி கட்டளையிட்டார். தம்மை வைதிருந்தால் மாலுமியின் தலை போகும் என்றார். பொருள் சொல்வதற்காகவே ஆனாலும், அரசரை நோக்கி வசவு சொன்ன நாக்கை அறுப்பது அந்நாட்டுச் சட்டம். சொன்னால் விடங்கனின் நாக்கு போகும். மறைத்தால் கட்டளையை மீறிய குற்றம். மழவராயர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"சொல்கிறேன், அரசே. ஆனால் வசவும் கப்பலில் வந்த சரக்குதானே, முதலில் சுங்கம் முடியட்டும்" என்ற விடங்கன் அமைச்சர் பக்கம் திரும்பினான். "உரியவர் இல்லாமல் கரையேறிய சரக்கு யாருக்குச் சேரும், ஐயா?"

"அரசருக்கு. இதுகூடத் தெரியாதா?"

"அப்படியானால் இந்த வசவுகளைப் பெற்றுக்கொண்டவர் யார்? யாரும் இல்லையென்றால் அத்தனையும் அரசருக்கு; அவற்றைக் கொண்டுவந்து சேர்த்த குற்றம் தங்களுக்கு."

அரசரின் புருவம் உயர்ந்தது. மழவராயர் மீசையிலிருந்து கையை எடுத்தார்.

"ஜாடியைக் கொட்டச் சொன்னவருக்குத்தான் இவன் சரக்கை இறக்கினான். சொன்னது அரசரா?"

"இல்லை, நான்தான்."

"எல்லாம் தங்களுக்கா? ஒன்றையும் அரசருக்கு விடவில்லையே?"

"எல்லாம் எனக்கே" என்று மழவராயர் முத்திரை மோதிரத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தார்.

விடங்கன் அவர் முன் போய்ப் பணிவாகக் குனிந்தான்.

"கேசேக்கி என்றால் நாய் பெற்ற குட்டி, ஐயா. தோல்தேகாரி என்றால் கல் மண்டை, ஐயா. கொஜ்யோ என்றால் விளக்கு அணைவதுபோல் கண்ணைவிட்டு அணைந்து போ, ஐயா. இன்னொன்று தங்கள் தாயாரைப் பற்றியது. அதை வீட்டுக்கே அனுப்பிவைக்கிறேன்."

அரசர் சிரித்த சிரிப்பில் மகுடம் மடியில் விழுந்தது. கழுத்து முத்துமாலையைக் கழற்றி விடங்கனுக்குப் போட்டார். மான்போக்கின் கட்டு அவிழ்ந்தது. மழவராயர் கையாலேயே புது முள்ளங்கி நறுக்கி ஜாடியை நிரப்பித் தரவேண்டியதாயிற்று.

அதன்பிறகு சபையில் மழவராயர் பேச்சை நீட்டும்போதெல்லாம் அரசர் மெல்ல, "தோல்தேகாரி" என்பார். மழவராயரும் தலைவணங்குவார். சத்தியம் செய்து வாங்கிய சரக்கை வேறு யார் தலையில் கட்டுவது?