சுவரேறிய விரல்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். தோளும் தோளும் உரசினால் உரசட்டும். கதையே தோளைப் பற்றியதுதான்.

கரிசல் காட்டில் ஒரு சின்ன ஊர். அந்த ஊர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இசக்கி என்று ஒரு டீ மாஸ்டர் இருந்தார். அவர் உடம்புக்குள் ஒரு பெரிய குடும்பமே குடியிருந்தது, ஆளுக்கொரு சோலியோடு. அங்கே வலது தோள்தான் பெரிய அண்ணாச்சி. குவளையைத் தலைக்கு மேலே தூக்கி, கீழே இருக்கும் கிளாசில் ஒரு முழத்துக்கு டீயை இழுத்து ஆற்றுவது அதன் வேலை. சொட்டு சிந்தாது. நுரை மட்டும் விளிம்பில் வந்து எட்டிப் பார்க்கும். பஸ் கிளம்பினாலும் பரவாயில்லை என்று ஆட்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அவ்வளவும் தன்னைப் பார்க்கத்தான் என்று தோளுக்கு நினைப்பு. குவளையின் காதைப் பிடித்திருக்கும் ஆள்காட்டி விரலை அது ஒரு ஆளாகவே மதித்ததில்லை.

ஒரு புரட்டாசிக் காலையில் இசக்கி பரண் மேலிருந்த சீனி மூட்டையை வெடுக்கென்று இழுத்தார். தோளுக்குள் சுரீர் என்றது. உள்ளேயிருந்து வலி எழுந்து வந்தான். அந்த வீட்டுக் காவல்காரன் அவன்தான். கையில் கம்பு, வாயில் வசவு.

"ஆரு அது, மாட்டை இழுக்க மாதிரி இழுக்கது? நாலு நாளைக்குப் பாரம் தூக்கக் கூடாது. ஆனா சும்மாவும் கெடக்காதீரும் அண்ணாச்சி, பையப்பைய ஆட்டிக்கிட்டே இரும்."

அதில் பாதிதான் தோளின் காதில் ஏறியது. பாரம் தூக்கக் கூடாது என்ற பாதி.

கடைக்குப் பால் ஊற்றும் கோமதிநாயகம் இருக்கிறாரே, அவருக்குத் தெரியாத வைத்தியம் கிடையாது. "எலும்பு விலகியிருக்கும்வே. ஒரு கட்டுப் போட்டா தீந்துச்சு" என்று இசக்கியைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். கட்டுக்காரர் உளுந்து மாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துப் பூசி, மூங்கில் சிம்பு வைத்து, கையை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிவிட்டார்.

கட்டு இனிக்க இனிக்கப் பேசுகிறவள். "இத்தனை வருசமா உழைச்சீங்க அண்ணாச்சி. ஒருத்தராவது செத்த உக்காருன்னு சொன்னாங்களா? நான் பாத்துக்கிடுதேன். நீங்க தூங்குங்க."

தோள் தூங்கியது. பதினைந்து நாள் கழித்துக் கட்டுக்காரர் அதை அவிழ்த்துவிட்டுப் புதுக் கட்டுப் போட்டார். அதற்குப் பிறகு இன்னொன்று. இடது கை பாடுதான் திண்டாட்டம். சட்டைப் பொத்தான், சீப்பு, சோத்துத் தட்டு, கிளாஸ் எல்லாம் அதன் தலையில் விழுந்தது. பழக்கமில்லாமல் டீயை ஆற்றப் போய் ஒரு கண்டக்டரின் காக்கிச் சட்டை முழுக்கக் கொட்டியது.

"என்ன மாஸ்டரே, குடிக்கத் தாரீரா, குளிக்கத் தாரீரா?" என்றார் கண்டக்டர். கடையே சிரித்தது.

முதலாளி சங்கரபாண்டி மட்டும் சிரிக்கவில்லை. "இசக்கி, பங்குனித் திருவிழா வரைக்கும் பொறுத்துப் பாப்பேன். அன்னைக்கு ஊரே நம்ம கடை முன்னால நிக்கும். உம்ம கை தலைக்கு மேல போகணும். போகலேன்னா கயத்தாத்துலருந்து வேற மாஸ்டரைக் கூட்டியாந்துருவேன். பொறவு வருத்தப்படக் கூடாது."

ஐப்பசி கடைசியில் கட்டு அவிழ்ந்தது. தோள் சோம்பல் முறித்து எழுந்திருக்கப் பார்த்தது. எங்கே எழுந்திருக்க? நாலு பக்கமும் பூட்டிக் கிடந்தது. கை நெஞ்சுக்கு மேலே ஏறவில்லை, முதுகுப் பக்கம் திரும்பவும் இல்லை. இசக்கியின் பெண்சாதி செல்லக்கனிதான் சட்டை மாட்டிவிட்டாள். "கல்யாணத்தன்னைக்குக்கூட இந்தச் சீரு உங்களுக்குக் கெடைக்கல" என்று சிரித்தாள். சிரித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னைய ஏன்டி பூட்டுன?" என்று தோள் கட்டைப் பார்த்துக் கத்தியது. கட்டு அதற்குள் குப்பைக்குப் போய்விட்டாள்.

செல்லக்கனி கையோடு இசக்கியைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அங்கே டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார், ரத்தமும் எடுத்துப் பார்த்தார். எலும்பு அப்பழுக்கில்லாமல் இருந்தது. சர்க்கரைதான் கூடிக் கிடந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்து, சீனியை நிறுத்தச் சொல்லிவிட்டு, பயிற்சி சொல்லிக் கொடுக்கும் ரெஜினா அம்மாவிடம் அனுப்பினார்.

"முறிஞ்ச எலும்புக்குத்தான் ஐயா கட்டு. உங்க எலும்பு முறியவே இல்ல" என்றார் ரெஜினா அம்மா. "மூட்டைச் சுத்திப் பை மாதிரி ஒரு சவ்வு இருக்கு. அது சுருங்கி இறுகிப்போச்சு. சர்க்கரை இருக்கவங்களுக்கு இது சுலபமா வரும். ஆட்டாம அசைக்காம வச்சிருந்தா இன்னும் இறுகும். வெந்நீர் ஒத்தடம் குடுத்துட்டு, சுவத்துல விரலை வச்சு நடந்து நடந்து கையை மேல ஏத்துங்க. தெனமும் செய்யணும். மாசக்கணக்கு ஆகும். ஆனா வந்துரும்."

தோள் பயத்தில் எதையும் கேட்கவில்லை. ஆள்காட்டி விரல் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டது.

மறுநாள் கோமதிநாயகம் பால் கேனை இறக்கி வைத்தார். "மாசக்கணக்கா? ஒரே இழுப்புல எடுத்துவிடுதேன் பாரும்" என்று இசக்கியின் கையைப் பிடித்து மேலே வெடுக்கென்று இழுத்தார். வலி கம்பைச் சுழற்றிக்கொண்டு ஓடிவந்தான். இசக்கி போட்ட சத்தத்தில் பஸ் ஸ்டாண்டு நாயெல்லாம் எழுந்து நின்றது. மூன்று நாள் கையைத் தொடவே முடியவில்லை. கோமதிநாயகமும் மூன்று நாள் பாலைத் தூரத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

"நான் இனி அசைய மாட்டேன். கயத்தாத்துக்காரன் வந்தா வந்துட்டுப் போறான்" என்று தோள் சுருண்டு படுத்துவிட்டது.

விரல் அதனோடு வாதாடவில்லை. நேராகக் காவல்காரனிடம் போனது.

"வலியண்ணே, ஒங்களை ஏமாத்திட்டு உள்ள போக வரல. சுவத்துல ரெண்டு எட்டு நடக்கணும். நீங்க எங்க நில்லுன்னு சொல்லுதீங்களோ, அங்க நிப்பேன்."

வலி கம்பை ஊன்றிக்கொண்டு அதை மேலும் கீழும் பார்த்தான். "ஒருத்தன் என்னைக் கண்டு ஓடுனான். இன்னொருத்தன் என்னை மிதிச்சிட்டுப் போனான். ஒரு பய இதுவரைக்கும் எங்கிட்ட கேட்டதில்ல. போ, பாப்போம்."

பிறகு விரல் தோளிடம் வந்தது. "நீங்க ஒண்ணையும் தூக்க வேண்டாம் அண்ணாச்சி. நடக்கது நாங்க. சும்மா கூட வாங்க, போதும்."

சும்மா என்றதும் தோள் சம்மதித்தது.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கடைச் சுவரில் கால் வைத்தன. பல்லி போல ஒரு எட்டு, இன்னொரு எட்டு. நெஞ்சு உயரம் வந்ததும் "நில்லு!" என்றான் வலி. நின்றன. பத்து எண்ணும் வரை அங்கேயே நின்றுவிட்டு, வந்த வழியே மெல்ல இறங்கின. விரல் அடுப்புக்கரியை எடுத்து நின்ற இடத்தில் ஒரு கோடு போட்டது.

மறுநாள் வெந்நீர்த் துணி ஒத்தடம் கொடுத்துவிட்டு மறுபடி ஏறின. நெல்லளவு மேலே ஒரு கோடு. சில நாள் முந்தின நாள் கோட்டைக்கூடத் தொட முடியாது. அன்றைக்கு விரல் கோடு போடாது, அடுத்த நாள் நடையை விடவும் விடாது. நாக்குதான் முணுமுணுத்தது: "டீ மாஸ்டர் வாய்க்கே சீனி இல்லியா? இது எந்த ஊர் நியாயம்?" அதைக் கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

கார்த்திகையில் கோடு தாடைக்கு வந்தது. தையில் காதைத் தாண்டியது. வலி முதலில் உட்கார்ந்தான், பிறகு கம்பைக் கீழே வைத்தான். மாசியில் ஒரு நாள் விரல் "நிக்கவா அண்ணே?" என்று கேட்டபோது குறட்டைதான் பதிலாக வந்தது.

"என்னவே, வெள்ளையடிச்ச சுவத்துல கரிக்கோடு?" என்றார் முதலாளி.

"என் கை ஏறுத ஏணி, முதலாளி" என்றார் இசக்கி.

பங்குனித் திருவிழா வந்தது. கடை முன்னால் ஊரே நின்றது. கண்டக்டர் மட்டும் ரெண்டடி தள்ளி நின்றார். "புதுச் சட்டை மாஸ்டர், பாத்து" என்றார். இசக்கி குவளையை எடுத்தார். காதைத் தாண்டியது, நெற்றியைத் தாண்டியது, தலைக்கு மேலே போய் நின்றது. ஒரு முழம் டீ கயிறு போல இறங்கி, நுரையோடு கிளாசில் உட்கார்ந்தது. கண்டக்டர் ரெண்டடி முன்னால் வந்து கிளாசை வாங்கிக்கொண்டார். சங்கரபாண்டி தானே ஒரு கிளாசை எடுத்து நீட்டினார்.

"பாத்தீங்களாடா என் பலத்தை?" என்று தோள் நிமிர்ந்தது. அன்று முழுக்க அதே பேச்சு. விரல் குவளையின் காதைப் பிடித்தபடி தன் சோலியைப் பார்த்தது.

மறுநாள் காலை பாய்லரில் தண்ணீர் ஊற்றும் முன்பே இசக்கி சுவரோரம் வந்து நின்றார். விரல் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய், இடது கையைத் தொட்டு அழைத்தது.

இடது கைக்கு ஒன்றும் புரியவில்லை. "எனக்குத்தான் ஒரு நோவும் இல்லியே, என்னைய எதுக்குக் கூப்பிடுத?"

"அதான், பூட்டு விழுகதுக்கு முந்தியே கூப்பிடுதேன்" என்றது விரல். அதன் விரலைப் பிடித்து, சுவரின் அடியில் முதல் எட்டை எடுத்து வைத்தது.