ஊசி வேண்டாம், மாஸ்டர்

"நான் ஊசி போட்டுக்க மாட்டேன், மாஸ்டர்."

இசக்கிராஜ் இப்படிச் சொன்னதும் ஜிம்மில் இரும்புச் சத்தம் நின்றது. தூத்துக்குடியில் பெர்னார்ட் மாஸ்டரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. ஒரு காலத்தில் ஆணழகன் பட்டத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர் அவர்.

"நான் என்ன விஷமாலே கொடுக்கேன்? வளர்ச்சி ஹார்மோன். எல்லார் உடம்புலயும் ஊறுறதுதான்."

"என் உடம்புக்கு வேண்டியது ஊறுது. அது போதும்."

"போட்டாத்தான் மேடையில நிக்க முடியும். நான் நின்னேன்ல?"

"நின்னீங்க. இப்போ விரலை மடக்குங்க பாப்போம்."

மாஸ்டர் மடக்கப் பார்த்தார். வீங்கிய விரல்கள் பாதியில் நின்றுவிட்டன.

"கொஞ்சம் மரத்துப்போகுது. அதனால என்ன?"

"அந்த ஊசியால தாடை வளர்ந்து பல்லெல்லாம் விலகிட்டு. இந்த வயசுல செருப்பு அளவு கூடிக்கிட்டே போகுது. சர்க்கரை வேற. இதயம் வீங்கியிருக்குன்னு டாக்டர் சொன்னதை வீட்டுல சொல்லிட்டீங்களா? நான்தானே உங்களைக் கூட்டிட்டுப் போனேன்."

மாஸ்டர் வாசலைக் காட்டினார்.

"வெளிய போ."

இசக்கிராஜ் போனான். மறுநாள் காலையில் வந்தான். அவனுக்குக் கதவு திறக்கவில்லை. வாசலிலேயே தண்டால் எடுத்தான். மழை பெய்த நாட்களிலும் எடுத்தான். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். மாஸ்டர் அவனைப் பார்க்காததுபோலக் கடந்து போனார்.

ஆணழகன் போட்டி நாள் வந்தது.

மேடையில் அவனுக்கு இருபுறமும் நின்றவர்களின் தோள்கள் அவனை மறைத்தன. "சாப்பிட்டுட்டு வாலே" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். அவன் ஒரு அடி முன்னால் வந்து முதுகை விரித்துக் காட்டினான்.

கடைசி இடம்.

மேடைக்குப் பின்னால் அவன் உடம்பில் பூசியிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தான். மாஸ்டர் வந்து நின்றார்.

"தோத்துட்டியே."

"ஆமா, மாஸ்டர்."

"இப்பவாவது போட்டுக்கிடுதியா?"

"மாட்டேன். அடுத்த வருஷமும் இப்படியேதான் வருவேன்."

"திரும்பவும் தோப்பே."

"தோப்பேன்."

"வலிக்கலையாலே உனக்கு?"

"தோத்தது வலிக்குது. வேற எங்கயும் வலிக்கலை."

மாஸ்டர் பெஞ்சின் விளிம்பைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தார். வீங்கிய விரல்களைத் தடவிக்கொண்டார்.

பிறகு, "எனக்கு எல்லா இடமும் வலிக்குதுலே" என்றார்.